கையில் என்ன இருந்தது? மிலோஸ் தீவின் வீனஸ் சிலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் ஓவிய வகுப்பில் ஜன்னலோரம் ஒரு ஸ்டூல்மேல் ஒன்றரை அடி உயரத்தில் பிளாஸ்டர் சிலை ஒன்று நிற்கிறது. பிள்ளைகள் வெளிச்சம் நிழல் பார்த்து வரைந்து பழகட்டும் என்று வாங்கி வைத்தது. இரண்டு கையும் இல்லாத, இடுப்புக்குக் கீழே மட்டும் துணி சுற்றிய பெண். அசல் பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரைகிற பிள்ளைகளும் அவர்களை அழைத்துப் போக வருகிற பெற்றோரும் வருஷக்கணக்காக என்னிடம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பதில் தேடிப் படித்துப் படித்து எனக்கும் அதில் ஈடுபாடு வந்துவிட்டது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்ததைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

"இது எந்தச் சாமி சார்? வீனஸா, அப்ரோடைட்டியா?"

இரண்டும் ஒருத்திதான். காதலுக்கும் அழகுக்கும் உரிய தெய்வத்தைக் கிரேக்கர்கள் அப்ரோடைட்டி என்றார்கள். ரோமானியர்கள் தங்கள் வீனஸை அவளோடு சேர்த்து ஒன்றாக்கிவிட்டார்கள். சிலை கிடைத்தது மிலோஸ் என்ற கிரேக்கத் தீவில், செய்ததும் கிரேக்கச் சிற்பி. அதனால் அப்ரோடைட்டி என்பதுதான் பொருத்தம். ஆனால் பிரான்சுக்குப் போன நாளிலிருந்து 'மிலோவின் வீனஸ்' என்றே உலகம் முழுக்கப் பழகிவிட்டது. அவள் அப்ரோடைட்டிதானா என்பதிலேயே ஒரு தகராறு உண்டு. அது கடைசிப் பக்கம் வரும்.

"எவ்வளவு பெரிசு? எவ்வளவு பழசு?"

உயரம் 204 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஆறடி எட்டங்குலம். பரோஸ் தீவின் வெள்ளைப் பளிங்கு. கி.மு. 150க்கும் 125க்கும் இடைப்பட்ட காலம் என்று கணிக்கிறார்கள். ஒரே கல்லில் செய்ததில்லை. மேலுடம்பு ஒரு கல், காலும் துணியும் இன்னொரு கல். இரண்டும் சேரும் இடத்தை இடுப்புத் துணியின் மடிப்பு மறைத்துவிடும். இந்த இணைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

"கையே இல்லாமல்தான் செஞ்சாங்களா? அதுதான் இதோட அழகுன்னு சொல்றாங்களே."

இல்லை. இரண்டு கைகளோடுதான் செய்தார்கள். வலது கை முழங்கைக்கு மேலே உடைந்திருக்கிறது. இடது கை தோளோடு போய்விட்டது. அந்தத் தோளில் முளை இறக்குவதற்கான துளை இருக்கிறது. அப்படியென்றால் இடது கையைத் தனிக்கல்லில் செதுக்கிக் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள். தனியாகப் பொருத்திய உறுப்புதான் முதலில் கழன்று விழும், அதில் ஆச்சரியம் இல்லை.

கை இல்லாததால் ஒரு மர்மம் வந்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதைச் செய்தவர் மர்மம் செய்யவில்லை. பார்க்கிறவருக்கு உடனே புரிகிற ஒரு செயலைத்தான் செய்தார். அது என்ன செயல் என்பதுதான் நம் கேள்வி.

"பிரெஞ்சுக்காரங்க கடற்கரையில் சண்டை போட்டு இழுத்ததில் கை உடைஞ்சதாமே?"

பலரும் நம்புகிற கதை. 1820 ஏப்ரலில் யோர்கோஸ் கென்ட்ரோடாஸ் என்ற விவசாயி, பழைய நாடக அரங்கின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் கல் தோண்டும்போது இது கிடைத்தது. மிலோஸ் அப்போது ஆட்டோமன் ஆட்சியில் இருந்தது. ஒலிவியே வூத்தியே என்ற பிரெஞ்சுக் கடற்படை இளைஞர் அந்த நேரம் பக்கத்திலேயே இருந்தார். சிலையை யார் கொண்டுபோவது என்று இழுபறி நடந்தது உண்மை. கடைசியில் பிரெஞ்சுத் தூதரின் கைக்குப் போய், அவர் பதினெட்டாம் லூயி மன்னருக்குக் கொடுக்க, மன்னர் 1821-ல் லூவருக்குக் கொடுத்துவிட்டார்.

கை உடைந்த சண்டை என்று சொல்லப்படுவது பல வருஷம் கழித்துக் கிளம்பிய பேச்சு. மண்ணிலிருந்து வெளிவந்த நாட்களிலேயே வூத்தியே சிலையைப் படமாக வரைந்து வைத்திருக்கிறார். அந்தப் படத்திலும் கைகள் இல்லை. எனக்கு அது போதும்.

"இல்லாத கை எப்படி இருந்துச்சுன்னு எப்படி சார் சொல்ல முடியும்? ஊகம்தானே?"

பாதி ஊகம், பாதி ஊகமே இல்லை. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து பார்ப்பது சுலபம். கண்ணாடி முன் நில்லுங்கள். எடை முழுவதையும் வலது காலில் போடுங்கள். இடது முழங்காலை முன்னால் கொண்டுவந்து லேசாக உள்ளே திருப்புங்கள். இப்போது இடது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். இடது தோள் மேலே ஏறும், வலது தோள் இறங்கும், வலது விலாப் பக்கம் மடிப்பு விழும். கையைத் தொங்கவிட்டால் இடது தோள் அந்த அளவு ஏறி நிற்காது. சிலையில் இடது தோள் ஏறியே நிற்கிறது. கை போனாலும் கையைத் தூக்கிய தசை போகவில்லை.

வலப்பக்கம் இன்னும் சுலபம். மிச்சம் இருக்கும் மேல்கைத் துண்டு கீழ்நோக்கி, உடம்பை ஒட்டி வருகிறது. முழங்கைக்குக் கீழே அது வயிற்றுக்குக் குறுக்கே இடப்பக்கம் போயிருக்க வேண்டும். இப்படி உடம்பை மட்டும் பார்த்தே மூன்று விஷயங்களை உறுதியாகச் சொல்லிவிடலாம். இடது கை உயர்ந்து முன்னால் அல்லது பக்கவாட்டில் நீண்டிருந்தது. வலது கை தாழ்ந்து குறுக்கே வந்தது. முகம் அவளுடைய இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. ஆக, நடக்கிற காரியம் எதுவானாலும் அது இடப்பக்கம் நடக்கிறது.

விரல்கள் எதைப் பிடித்திருந்தன என்பதைத் தசை சொல்லாது. ஊகம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அவளுடைய இடப்பக்கம் என்பது நாம் எதிரே நின்று பார்க்கும்போது நமக்கு வலப்பக்கம். இதில் குழம்பாதவர்கள் குறைவு. கீழே எல்லா இடத்திலும் நான் சொல்வது அவளுடைய இடது, அவளுடைய வலது.

"துணி நழுவுற மாதிரி இருக்கே. வலது கையால் அதைத்தான் பிடிச்சிருப்பாளோ?"

பெண்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள், புடவை கட்டிப் பழகியவர்களுக்கு உடனே கண்ணில் படுகிற விஷயம். துணி இடுப்பெலும்புக்குக் கீழே சுருண்டு நிற்கிறது. அதைத் தாங்குவது முன்னால் வந்த இடது தொடை மட்டும்தான். நிஜத் துணியாக இருந்தால் அடுத்த நொடி கீழே விழும். அதனால் வலது கை துணியை நோக்கிப் போயிருக்கும், அல்லது இடது தொடைப் பக்கம் துணியின்மேல் படிந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள்.

சிலை கிடைத்த கொஞ்ச நாளில் வந்து பார்த்த தூமோன் துர்வில் என்ற கடற்படை அதிகாரியும் இதையே எழுதினார். தூக்கிய இடது கையில் ஆப்பிள், வலது கை இடுப்பிலிருந்து விழும் துணியைப் பிடித்திருந்தது, இரண்டு கையும் சிதைந்து உடலைவிட்டுக் கழன்றிருக்கின்றன என்பது அவர் குறிப்பு. சாட்சி என்று எடுத்துக்கொண்டால் இதைவிட நல்ல சாட்சி கிடையாது. சிக்கல் என்னவென்றால், வலது கை என்று எதுவும் லூவருக்கு வந்து சேரவில்லை. அவர் கண்ணால் கண்டதைச் சொன்னாரா, கிடைத்த துண்டுகளை வைத்து மனதில் முழுமையாக்கிச் சொன்னாரா என்பது அந்த வாக்கியத்தில் தெளிவாக இல்லை.

"இடது கால் எதுமேலயோ வெச்சிருக்கிற மாதிரி இருக்கே?"

ஆமாம். இடது பாதம் இப்போது இல்லை. ஆனால் முழங்கால் இந்த அளவு உயர்ந்து முன்னால் வரவேண்டுமானால் பாதம் தரையைவிட உயரமான ஏதோ ஒன்றின்மேல் இருந்திருக்க வேண்டும். இதே அமைப்பில் உள்ள வேறொரு சிலையில் அந்த இடத்தில் ஒரு போர்த் தலைக்கவசம் இருக்கிறது. அதைக் கேடயம் பற்றிய கேள்வியில் பார்ப்போம்.

"ஆப்பிள் பிடிச்ச கையே கிடைச்சிருக்குன்னு படிச்சேன். அப்புறம் என்ன சந்தேகம்?"

கிடைத்தது உண்மை. சிலையோடு ஒரு இடது மேல்கைத் துண்டும், உருண்டையான பழம் ஒன்றைப் பிடித்த இடது கைத்துண்டும் கிடைத்தன. இரண்டும் லூவரில்தான் இருக்கின்றன. பழத்துக்கு இரண்டு பொருள் சொல்லலாம். ஒன்று புராணம். மூன்று தேவியரில் பேரழகி யார் என்ற போட்டியில், டிராய் இளவரசன் பாரிஸ் தங்க ஆப்பிளை அப்ரோடைட்டிக்குக் கொடுத்த கதை. இன்னொன்று ஊர்ப்பெயர். கிரேக்கத்தில் ஆப்பிளுக்கு 'மேலோன்' என்று பெயர், தீவின் பழைய பெயர் 'மேலோஸ்'. அந்தத் தீவின் பழைய நாணயங்களிலேயே இந்தப் பழத்தைப் பொறித்திருக்கிறார்கள். ஆகவே தேவி கையில் இருந்தது அவள் வென்ற பரிசு, கூடவே அந்த ஊரின் சின்னம். இரண்டும் ஒரே பழத்தில் அடங்குவதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

சந்தேகப்படுகிறவர்கள் சொல்வது: கைத்துண்டின் வேலைப்பாடு முரடாக இருக்கிறது, இவ்வளவு நேர்த்தியான உடம்புக்கு இந்தக் கை எப்படி? வேறு சிலையின் கையாகவோ, பழங்காலத்திலேயே உடைந்து பின்னால் வேறொருவர் செய்து பொருத்தியதாகவோ இருக்கலாம் என்கிறார்கள். அதற்கு மறுபதில் உண்டு. தோள் உயரத்துக்குத் தூக்கிய கையைக் கீழே நிற்பவர் கிட்டத்தில் பார்க்க முடியாது. கண் போகாத இடத்தில் சிற்பிகள் உளியை அதிகம் ஓட்டுவதில்லை. இதே சிலையின் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள், முன்பக்கம் அளவுக்கு வேலை இருக்காது.

"பீடத்தில் சிற்பி பேர் இருந்துச்சாமே? அது இப்போ எங்கே?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். சிலையோடு எழுத்துப் பொறித்த ஒரு பீடத்துண்டும் பாரிஸ் வந்தது. மியாண்டர் நதிக்கரை அந்தியோக்கியா ஊரைச் சேர்ந்த, மெனிதேஸ் மகன் ஒருவர் செய்தது என்ற வாசகம் அதில் இருந்தது. பெயரின் முன்னெழுத்துகள் உடைந்திருந்தன. அலெக்சாண்டிரோஸ் என்று நிரப்பிப் படிக்கிறார்கள். 1821-ல் தெபே என்ற இளம் ஓவியர் சிலையை அந்தப் பீடத்துண்டோடு சேர்த்து வரைந்தார். பீடம் உடைந்த இடத்தோடு பொருந்தி நிற்பதாகவே அவர் படம் காட்டுகிறது. அப்புறம் அந்தத் துண்டு லூவரிலேயே காணாமல் போனது. இன்றுவரை கிடைக்கவில்லை.

ஏன் போனது என்பதற்கு அந்தக் காலச் சூழல் தெரிய வேண்டும். நெப்போலியன் இத்தாலியிலிருந்து எடுத்துவந்த மெதிசி வீனஸ் என்ற புகழ்பெற்ற சிலையை 1815-ல் பிரான்ஸ் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வெற்றிடத்தில் இந்தச் சிலை வந்ததும், இது கி.மு. நான்காம் நூற்றாண்டின் பெரும் சிற்பி பிராக்ஸிட்டலீஸ் கைவேலை, அல்லது அவர் காலத்தது என்று சொல்ல ஆசைப்பட்டார்கள். கல்வெட்டு அதைக் கெடுத்தது, ஏனென்றால் அதில் வருகிற அந்தியோக்கியா ஊரே பிராக்ஸிட்டலீஸ் காலத்துக்குப் பின்னால்தான் உருவானது. யாராவது வேண்டுமென்றே தூக்கிப் போட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தங்களுக்கு வேண்டாத கல் என்று நினைத்ததால்தான் அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் கேள்விக்கு அந்தத் துண்டு முக்கியம். தெபே படத்தில் அதன் மேற்பரப்பில், அவள் இடப்பக்கத்தில், ஒரு சதுரக் குழி தெரிகிறது. ஏதோ ஒன்று அதில் நட்டு நின்றிருக்கிறது. ஜெர்மன் அறிஞர் ஃபுர்ட்வெங்லர் 1893-ல் அதை வைத்துத்தான் ஒரு முழு உருவத்தைக் கட்டினார்: பக்கத்தில் ஒரு தூண், அதன்மேல் இடது கை ஊன்றி, உள்ளங்கையில் ஆப்பிள், வலது கை துணியை நோக்கி. வூத்தியே வரைந்த படத்திலோ அந்த எழுத்துப் பீடத்தின்மேல் தலை மட்டும் செதுக்கிய ஒரு தூண்சிலை நிற்கிறது. அப்படிப்பட்ட தூண்சிலைகளும் அதே இடத்தில் கிடைத்தன. இடம் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தோடு சேர்ந்தது, அங்கே தூண்சிலை இருப்பது சகஜம். ஆக அந்தக் குழி தூணுக்கா, தூண்சிலைக்கா, பீடம் இந்தத் தேவியுடையதுதானா என்பதைக் கல்லையே வைத்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் தீர்த்துவிடலாம். கல்தான் இல்லை.

"கேடயத்தைக் கண்ணாடியா பிடிச்சிருந்தாள்னு ஒரு கருத்து இருக்கே?"

வலுவான கருத்துதான். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் கப்புவா நகரத்து வீனஸ் என்று ஒரு சிலை உண்டு. ரோமானியர் காலத்தது. அரை உடம்பில் துணி, உடம்பின் திருப்பம், முன்வந்த இடது கால் எல்லாம் ஏறக்குறைய இதே. இடது காலடியில் தலைக்கவசம். கோரிந்து நகர நாணயங்களில் அப்ரோடைட்டி தன் காதலனும் போர்க் கடவுளுமான ஏரிஸின் கேடயத்தைப் பிடித்து அதில் முகம் பார்க்கிறாள். அப்பொல்லோனியஸ் எழுதிய அர்கோனாட்டிகா காவியத்திலும் இதே காட்சி வருகிறது, இந்தச் சிலைக்கு ஒரு நூற்றாண்டு முந்திய நூல் அது. உயர்ந்த இடது கை கேடயத்தின் மேல்விளிம்பில், தாழ்ந்த வலது கை கீழே தொடையருகில் என்றால் உடம்பு முழுக்கப் பொருந்துகிறது.

எனக்கு இடிப்பது பார்வை. கப்புவா வீனஸ் தலையைத் தாழ்த்திக் கேடயம் இருக்கும் இடத்தைப் பார்க்கிறாள். நம்முடையவள் தலை தாழவில்லை. வரைந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும், கண்மட்டக்கோடு நேராகத் தொலைவுக்குப் போகிறது. கையருகே இருக்கும் பளபளப்பில் தன் முகத்தைப் பார்க்கிறவள் அப்படிப் பார்க்கமாட்டாள்.

"அவ நூல் நூத்துக்கிட்டிருந்தாள்னு ஒரு வீடியோ பார்த்தேன். நிஜமா?"

பழைய நெசவு பற்றி ஆராய்ந்த எலிசபெத் வேலண்ட் பார்பர் போன்றவர்கள் முன்வைத்த கருத்து இது. 2015-ல் வர்ஜினியா போஸ்ட்ரெல் என்ற எழுத்தாளர் கேட்டுக்கொண்டதன் பேரில், கோஸ்மோ வென்மன் என்ற வடிவமைப்பாளர் முப்பரிமாண அச்சில் சிலைக்குக் கைகளும் நூற்புக் கருவிகளும் வைத்துச் செய்து காட்டினார். அதுதான் வீடியோவாகச் சுற்றுகிறது. கிரேக்கப் பானை ஓவியங்களில் நூற்கும் பெண் இடது கையைத் தூக்கிக் கம்பளி சுற்றிய கழியைப் பிடித்திருப்பாள், வலது கை தாழ்ந்து இழையை முறுக்கும், கதிர் கீழே தொங்கிச் சுற்றும்.

நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. எங்கள் வகுப்புக்குப் பேத்தியை அழைத்துவரும் ஒரு பாட்டி ஆதாரப் பள்ளியில் படித்தவர், அங்கே தினமும் தக்ளி என்ற சின்னக் கைக்கதிரில் நூற்க வேண்டுமாம். இந்தக் கேள்வி வந்த அன்று அவர் எழுந்து நின்று வெறுங்கையாலேயே நூற்றுக் காட்டினார். வலது கை விரலால் தக்ளியைச் சுண்டிவிட்டார். இடது கையில் இருப்பதாக வைத்துக்கொண்ட பஞ்சுத் திரி இழை நீள நீள மேலே போனது. இடது தோள் ஏறியது, வலது தோள் இறங்கியது. பிள்ளைகள் பாட்டியையும் சிலையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். உடம்பு அளவில் நூற்பு பொருந்தும் என்பதில் எனக்கு அன்றோடு சந்தேகம் போய்விட்டது.

ஆனால் 'பொருந்தும்' வேறு, 'இருந்தது' வேறு. கையில் நூற்புக் கழியோடு தேவி சிலை கிரேக்கத்தில் இருந்திருக்கிறது. பௌசானியஸ் என்ற பழங்காலப் பயணி எரித்ராய் நகரில் அப்படியொன்றைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆனால் அது ஆதீனா தேவி, முழு உடையோடு அமர்ந்தவள். அப்ரோடைட்டிக்கும் நூலுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது, விதியின் இழையை நூற்கும் தேவியரில் மூத்தவள் அவள் என்று ஏதென்ஸில் ஒரு கல்வெட்டு இருந்ததை அதே பௌசானியஸ் சொல்கிறார். என்றாலும் இதே நிலையில், இதே அரை உடையில், நூற்கும் அப்ரோடைட்டி என்று ஒப்பிட ஒரு சிலையைக் காட்ட முடிந்தால்தான் நான் அந்தப் பக்கம் சாய்வேன். கேடயக் கட்சிக்குக் கப்புவா சிலை இருக்கிறது, ஆப்பிள் கட்சிக்குக் கையே இருக்கிறது.

"பக்கத்தில் ஆம்பளைச் சிலை ஒண்ணு இருந்திருக்குமோ? ஜோடியா?"

சிலை வந்த 1821-லேயே கத்ரமேர் தெ கான்சி என்ற பிரெஞ்சு அறிஞர் இதைச் சொன்னார்: பக்கத்தில் ஏரிஸ் நிற்கிறான், அவள் அவன்மேல் கை வைத்திருக்கிறாள் என்று. ரோமானியர் காலத்தில் அப்படி ஜோடிச் சிலைகள் உண்டு. ஆனால் சிலை கிடைத்த மாடத்தில் ஏரிஸின் ஒரு விரல்கூடக் கிடைக்கவில்லை.

"அப்ரோடைட்டியே இல்லை, கடல் தேவதைன்னு சொல்றாங்களே, அது?"

முதல் பதிலில் சொன்ன தகராறு இதுதான். கடல் கடவுள் பொசைடனின் மனைவி ஆம்பிட்ரைட்டி என்று சலொமோன் ரைனாக் என்ற அறிஞர் வாதாடினார். 1877-ல் அதே மிலோஸில் பெரிய பொசைடன் சிலை ஒன்று கிடைத்தது, இப்போது ஏதென்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவனும் மேலுடம்பு திறந்து, இடுப்பில் துணியோடு, வலது கையைத் தூக்கித் திரிசூலம் பிடித்து நிற்கிறான். இவள் கையிலும் ஒரு திரிசூலத்தை வைத்துவிட்டால் கணவன் மனைவி ஆகிவிடுவார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது, நான் ஏற்கவில்லை. இப்படி மேலுடம்பைத் திறந்து, துணி நழுவ நிற்பது அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் மேலாக அப்ரோடைட்டிக்கு உரிய அடையாளம். கையில் ஒன்றும் இல்லாதபோது உடம்பில் இருக்கும் அடையாளத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"நம்ம கோயில் சிலையில கையைப் பார்த்தே இன்ன சாமின்னு சொல்லிடுவோமே. அதே மாதிரி இங்கே முடியாதா?"

நல்ல கேள்வி. நம் செப்புத் திருமேனிகளில் விரல் நிலைக்குப் பெயரும் விதியும் உண்டு. பெருமாள் பின்கைகளில் சங்கும் சக்கரமும் உடைந்து போயிருந்தாலும், அவற்றை ஏந்துகிற விரல் அமைப்பு மிச்சம் இருக்கும். அம்பாள் வலது கை கடக முத்திரையில் காலியாக இருந்தால் யாரும் உடைந்தது என்று நினைப்பதில்லை, அது அர்ச்சகர் பூ வைக்கிற கை. சிற்ப நூல்களும் இருக்கின்றன, பூஜையும் தொடர்கிறது. அதனால் இல்லாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்கிறார்கள்.

கிரேக்கத் தெய்வங்களுக்கும் அடையாளப் பொருள்கள் உண்டு. ஆனால் எந்த விரலில் எந்தப் பொருள் என்ற கட்டு இல்லை. அதே அப்ரோடைட்டி ஆப்பிளும் பிடிப்பாள், கண்ணாடியும் பிடிப்பாள், புறாவும் பிடிப்பாள். இங்கே விரல்களே இல்லை, அந்த வழிபாடும் நின்று ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"இப்போ நிக்கிற சாய்வு அசல்தானா? யாராவது தப்பா நிறுத்தியிருந்தா உங்க கணக்கெல்லாம் தப்பாயிடுமே?"

இதைக் கேட்ட மாணவனை அன்று எழுப்பி நிறுத்திப் பாராட்டினேன், ஏனென்றால் அப்படித்தான் நடந்தது. 1870-ல் போர் வந்தபோது சிலையைப் பெட்டியில் வைத்துப் பாரிஸ் காவல் தலைமையகக் கட்டடத்தில் ஒளித்து வைத்தார்கள். 1871 கலவரத்தில் கட்டடம் எரிந்தது, சிலை தப்பியது. வெளியே எடுத்தபோது ஈரத்தில் பழைய பூச்சு இளகி, மேல்கல்லுக்கும் கீழ்க்கல்லுக்கும் நடுவே மர ஆப்புகள் தெரிந்தன. 1821-ல் சிலையைச் சேர்த்து நிறுத்தியவர்கள் வைத்தவை. அவற்றால் மேலுடம்பின் சாய்வு அசலிலிருந்து கொஞ்சம் மாறியிருந்ததை அருங்காட்சியகப் பொறுப்பாளர் ரவெய்சோன் கண்டுபிடித்துச் சொன்னார். பிற்பாடு சரிசெய்தார்கள்.

ஆகவே அதற்கு முன்னால் சாய்வை வைத்து எழுதியவர்களின் வாதத்தைக் கொஞ்சம் கழித்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் நான் மேலே தோளையும் விலா மடிப்பையும் சொன்னேனே, அது ஒரே கல்லுக்குள் இருப்பது. ஆப்பு வைத்தாலும் எடுத்தாலும் அது மாறாது.

"வெறும் வெள்ளையாவா இருந்தாள்? நகை எதுவும் இல்லையா?"

இருந்தது. தலையில் பட்டை, காதில் தோடு, வலது மேல்கையில் வங்கி எல்லாம் உலோகத்தில் செய்து மாட்டியிருந்தார்கள். மாட்டிய துளைகள் பளிங்கில் தெரிகின்றன. கிரேக்கச் சிலைகளுக்கு வண்ணம் பூசுவதும் வழக்கம், இதில் அது மிஞ்சவில்லை. காணாமல் போன பொருள் என்றால் எல்லோரும் கையை மட்டுமே நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், நகையும் நிறமும் போனதில்தான் அவள் அதிகம் மாறிப்போனாள்.

"சரி சார், உங்களுக்கு எது சரின்னு படுது? கை சேர்த்து வரைஞ்சா தப்பா?"

என் கட்சி ஆப்பிளும் தூணும்தான். கூடவே கிடைத்த கையை முரடு என்று ஒதுக்கிவிட்டு, கிடைக்காத கேடயத்தையும் கதிரையும் தேடிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கை சேர்த்து வரைவது தப்பே இல்லை. வரைவதைவிடக் களிமண்ணில் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி போன கோடை விடுமுறையில் எங்கள் பிளாஸ்டர் சிலைக்குக் களிமண்ணால் இரண்டு கை செய்து ஒட்டினாள். வலது கை உடம்பை ஒட்டி வருவதால் சமர்த்தாக நின்றது. தூக்கிய இடது கை மட்டும், ஆப்பிளுக்குப் பதில் வைத்த மண் உருண்டையின் கனத்தில் தொங்கித் தொங்கி விழுந்தது. உள்ளே கம்பி வைத்தாள், அப்போதும் தாழ்ந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. நான்காவது தடவை அவளாகவே ஒரு பென்சிலை எடுத்து, சரியான உயரத்துக்கு உடைத்து, முழங்கைக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள். கை நின்றது. ஃபுர்ட்வெங்லர் வரைந்த தூண் இருக்கும் அதே இடம். அந்த மண் கை காய்ந்து வெடித்துவிட்டது. பென்சில் துண்டை மட்டும் நான் எடுக்கவில்லை.